பத்து லட்சம் பதிவுக்கு எத்தனை நடை?

தரவுத்தளத்தில் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தொடாமல், நூறு நூறாகவோ ஆயிரம் ஆயிரமாகவோ சேர்த்துக் கையாளுவது தொகுதிச் செயலாக்கம். கணினித் துறையினர் பேச்சில் இது ‘பேட்ச்’. வங்கிகளில் ஓடும் வட்டிக் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் இந்திய வங்கிகள் சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி தந்தன. 2010 ஏப்ரல் 1 முதல், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, ஒவ்வொரு நாளின் இருப்புக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. மாதத்துக்கு ஒரு தொகை என்றிருந்தது நாளுக்கு ஒரு தொகை ஆனது. பத்து லட்சம் கணக்குகள் உள்ள வங்கி என்றால், நாள்தோறும் பத்து லட்சம் பதிவுகளைப் படித்து, கணக்கிட்டு, எழுத வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் நிரல் ஒரு கணினியிலும் தரவுத்தளம் வேறொரு கணினியிலும் இருப்பதே வழக்கம். இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்துவது நிரலாக்க இடைமுகம், அதாவது ஏபிஐ. ஜாவா மொழியில் அதன் பெயர் ஜேடிபிசி. நிரல் ஒரு கட்டளை அனுப்புகிறது. அது வலைப்பின்னல் வழியே போய், வேலை முடிந்து, பதில் திரும்பி வருகிறது. போய்வர ஒரு மில்லிவினாடி ஆகும் என்று கொண்டால், பத்து லட்சம் பதிவுகளுக்குப் போக்குவரத்து மட்டுமே 1,000 வினாடி, ஏறத்தாழ 17 நிமிடம். தரவுத்தளம் தொலைவில் இருந்து, போய்வர 40 மில்லிவினாடி ஆனால், அதுவே 11 மணி நேரத்தைத் தாண்டும். கட்டடத்தில் வேலை பார்க்கும் சித்தாள் செங்கல்லுக்கு ஒரு நடை நடப்பதில்லை. தலையில் அடுக்கிக்கொண்டு போகிறார். நடைக்கு 1,000 பதிவு என்று அடுக்கினால், பத்து லட்சமும் 1,000 நடையில் முடியும்.

நடையைப் போலவே பெரிய செலவு இன்னொன்றும் உண்டு: கமிட். எழுதியது மின்சாரம் போனாலும் அழியாது என்று தரவுத்தளம் உறுதி தரும் கணம் அது. அந்த உறுதிக்காகத் தரவு வட்டில் போய்ச் சேரும் வரை தரவுத்தளம் காத்திருக்க வேண்டும். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் ஆவணம் இதை எண்களாலேயே விளக்குகிறது. சாதாரண மேசைக் கணினியில் வினாடிக்கு 50,000 பதிவுகளை அது எழுதிவிடும். ஆனால் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் வினாடிக்குச் சுமார் 60 கமிட்தான் முடியும். பதிவுக்கு ஒரு கமிட் என்றால் பத்து லட்சத்துக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுழலாத எஸ்எஸ்டி வந்தபின் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, மறையவில்லை.

ஜேடிபிசியில் இதற்கான வழி எளிது. ஒவ்வொரு கட்டளைக்கும் தானாகக் கமிட் செய்யும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு ‘ஆட்பேட்ச்’ என்ற அழைப்பு ஒவ்வொரு பதிவையும் அடுக்கில் சேர்க்கும். ‘எக்ஸிகியூட்பேட்ச்’ அடுக்கை மொத்தமாக அனுப்பும். அதன்பின் ஒரு கமிட். ஆனால் பேட்ச் என்று எழுதிவிட்டதாலேயே பதிவுகள் சேர்ந்து போகின்றன என்று நம்பக் கூடாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை ஜேடிபிசியோடு இணைக்கும் நிரலான டிரைவரில் ‘ரீரைட் பேட்ச்ட் ஸ்டேட்மென்ட்ஸ்’ என்ற அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கிறது. அதை இயக்காதவரை செருகல் கட்டளைகள் பழையபடி ஒவ்வொன்றாகவே போகும். பைத்தான் மொழியில் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லுக்குப் பயன்படும் சைகாப்ஜி2 நூலகமும் அப்படித்தான்: அதன் ‘எக்ஸிகியூட்மெனி’, சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக அனுப்புவதைவிட வேகமானதல்ல என்று அதன் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. நடை உண்மையில் குறைந்ததா என்று அளந்து பார்ப்பதே வழி.

அடுக்கு எவ்வளவு உயரம் இருக்கலாம்? எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில், ஒரு கட்டளையோடு தனியே அனுப்பும் மதிப்புகளுக்கு 2,100தான் எல்லை. 20 நெடுவரிசை உள்ள அட்டவணை என்றால், பல வரிசைகளை ஒரே கட்டளையில் செருகும்போது 105 பதிவைத் தாண்ட முடியாது. அமேசானின் டைனமோடிபி ஒரு தொகுதியில் 25 பதிவுகளை மட்டுமே எழுத விடுகிறது. எல்லை இல்லாத இடத்திலும் மிகப் பெரிய தொகுதி கெடுதல்தான். நினைவகம் நிரம்பும், வேலை முடியும்வரை பிறர் மாற்றாதபடி பதிவுகளின் மேல் விழும் பூட்டுகள் பெருகும். எஸ்கியூஎல் சர்வர், ஒரே கட்டளை ஏறத்தாழ 5,000 பூட்டுகளைப் பிடித்துவிட்டால், அட்டவணை முழுவதையும் பூட்ட முற்படும். அப்போது பணம் எடுக்க வந்தவரும் காத்திருக்க நேரும். நடைமுறையில் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை போதுமானது.

வேகத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கடினமான பகுதி, தொகுதி நடுவில் தடுமாறும்போது தொடங்குகிறது. ஆயிரத்தில் 900-ஆவது பதிவு பழுதானது என்று வைத்துக்கொண்டால், மற்ற 999-இன் கதி என்ன? ஜேடிபிசியில் ‘பேட்ச் அப்டேட் எக்செப்ஷன்’ என்ற பிழை எழும். அதோடு எது நிறைவேறியது என்ற எண்பட்டியலும் வரும். ஆனால் முதல் பிழையில் நிற்பதா, மீதியை முடித்துவிட்டுச் சொல்வதா என்பதை ஜேடிபிசி டிரைவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லில் பரிவர்த்தனைக்குள், அதாவது ஒரே கமிட்டில் முடியும் கட்டளைகளுக்குள், ஒரு பிழை வந்தால் அந்தப் பரிவர்த்தனை முழுவதும் செல்லாது. ஆரக்கிளில் ‘சேவ் எக்செப்ஷன்ஸ்’ என்று சொல்லிவைத்தால் பழுதானவற்றை ஒதுக்கிக் குறித்துக்கொண்டு மற்றவற்றை எழுதிவிடும். டைனமோடிபியோ, நெரிசல் நேரத்தில் 25-இல் சிலவற்றை மட்டும் எழுதி, மீதியைச் ‘செயலாக்கப்படாதவை’ என்று திருப்பித் தரும்; பிழையே எழாது. அந்தப் பட்டியலைப் பார்க்காத நிரல் பதிவுகளைச் சத்தமில்லாமல் தொலைக்கும்.

படிக்கும் பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. வட்டி போடாத கணக்குகளில் முதல் ஆயிரத்தை எடுத்து, வட்டி போட்டு, ‘முடிந்தது’ என்று குறிக்கிறது நிரல். அடுத்து, ‘வட்டி போடாதவற்றில் முதல் ஆயிரத்தைத் தாண்டி அடுத்த ஆயிரம்’ என்று கேட்கிறது. ஏற்கெனவே முடிந்தவை பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதால், தாண்டப்படுவது இன்னும் தொடாத ஆயிரம். விளைவு, பாதிப் பேருக்கு வட்டியே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. கடைசியாகத் தொட்ட கணக்கு எண்ணை நினைவில் வைத்து, அதைவிடப் பெரிய எண்கள் ஆயிரத்தை வரிசையாகக் கேட்பதே சரியான முறை. வேகமும் அதில்தான் கூடுதல்.

அந்தக் கடைசி எண்ணை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். தொகுதியின் வட்டியும் ‘இதுவரை முடிந்தது’ என்ற குறிப்பும் ஒரே கமிட்டில் எழுதப்பட வேண்டும். தனித்தனியாக எழுதினால், இடையில் மின்சாரம் போகும் அந்த ஒரு நொடியில், அதே ஆயிரம் பேருக்கு இருமுறை வட்டி ஏறலாம், அல்லது யாருக்குமே ஏறாமல் போகலாம். இதற்கு மேல் ஒரு காவலும் தேவை: கணக்கு எண்ணும் தேதியும் சேர்ந்த சோடி இருமுறை வரக் கூடாது என்று அட்டவணையிலேயே விதி வைப்பது. நிரல் தவறினாலும் தரவுத்தளம் தடுத்துவிடும்.

இத்தகைய நிரலைப் பணியில் இறக்கும் முன் வேகத்தை அளப்பது மட்டும் போதாது. சோதனைத் தரவில் ஓடவிட்டு, நடுவழியில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி தொடங்கிப் பார்க்க வேண்டும். முடிவில் பதிவுகளின் எண்ணிக்கையும் வட்டியின் கூட்டுத்தொகையும், இடைநில்லாமல் ஓடியபோது கிடைத்தவற்றோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாதவரை அந்த நிரல் வாடிக்கையாளர் கணக்கைத் தொடத் தகுதி பெறவில்லை.