கித்தாரும் காலதாழ்வும்

காஞ்சி மாநகர்க்கு அணித்தாய், வேகவதியின் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலை ஒட்டி ஒரு சங்கீத மண்டபம் உளது. விசயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர் 1387-88 ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டுவித்தனர். விதானத்து ஓவியங்களைக் காணவே பலரும் அங்குச் செல்வர். இசை பயில்வோர்க்கு அம்மண்டபம் வேறொரு கணக்கையும் கற்பிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஒலியானது வினாடிக்கு ஏறத்தாழ 1,150 அடி செல்லும். ஆகவே ஒரு தூணருகே நின்று ஒருவர் பாட, 12 அடி தள்ளி அமர்ந்து கேட்பவர் செவிக்கு அப்பாட்டு ஏறக்குறைய 10 மில்லி வினாடி பிந்தியே எய்தும். மில்லி வினாடியாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடிக்கு ஒரு மில்லி வினாடி என நினைவிற் கொள்ளின் பெரும்பிழை நேராது.

இப்பிந்துதலையே காலதாழ்வு என்கிறோம். லேட்டன்சி என்பர் கருவி நூலார். இக்காலத்து மாணவர் பலர் மின்கித்தாரைக் கணினியோடு இணைத்து வாசிக்கின்றனர். முன்னாளில் கனத்த ஒலிபெருக்கிப் பெட்டியும் பலவகை மிதிபலகைகளும் செய்த வேலையைப் பிளகின் எனப்படும் சிறு மென்பொருள்கள் செய்துவிடுகின்றன. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் கம்பெனியார் 1996 இல் வி.எஸ்.டி. என்னும் பிளகின் முறையையும், 1997 இல் தாழ்வைக் குறைக்கும் ஆசியோ என்னும் முறையையும் வெளியிட்டனர். பொருட்செலவு குறைந்தது, ஆனால் தந்தியை மீட்டியபின் ஒலி சற்றே பிந்தி வரும் தொல்லை புகுந்தது. காரணம் அறியாத இளைஞருள் சிலர் தம் விரல்களுக்குத் தாளம் பிடிபடவில்லையெனச் சோர்கின்றனர். சிலர் பெற்றோரை வருத்தி விலையுயர்ந்த கணினி வாங்கியும் அத்தொல்லை நீங்காது திகைக்கின்றனர்.

இத்தாழ்வு பிறக்கும் முதலிடம் பஃபர் எனப்படும் சேமிப்பாகும். தந்தியின் அதிர்வு மின்னலையாகிக் கணினியின் வாயிலில் வினாடிக்கு 48,000 மாதிரிகளாக அளக்கப்படுகிறது. கணினி அவற்றை ஒவ்வொன்றாய்க் கையாள்வதில்லை; ஒரு தொகுதி நிரம்பிய பின்னரே எடுத்துக்கொள்ளும். காஞ்சியிலே தறிக்கு நூல் செல்லும் முறை இதனை விளக்கும். தார் சுற்றுபவர் இழையிழையாக நெசவாளரிடம் நீட்டுவதில்லை. தார் முழுதும் சுற்றிய பின்னரே அது நாடாவில் ஏறும். தார் சிறிதாயின் சுற்றுபவர்க்கு ஓய்வில்லை. அவர் கை சற்றே தளரினும் நாடா வெறுமையாய்த் தறி நின்றுபோம். தார் பெரிதாயின் தறி தடையின்றி ஓடும். ஆயினும் இப்பொழுது சுற்றத் தொடங்கிய நூல் சேலையைச் சேர நெடும்பொழுதாகும். பஃபரும் அத்தகையதே. மிகச் சிறிதாக்கின் கணினி எட்டமாட்டாமல் ஒலி சடசடவென்று முறியும்; பெரிதாக்கின் ஒலி பிந்தும்.

உள்ளே வருங்கால் ஒரு தொகுதி, வெளியே போங்கால் ஒரு தொகுதி எனக் கொண்டு கணக்கிட்டால், 128 மாதிரிப் பஃபர் 5.3 மில்லி வினாடியும், 256 மாதிரி 10.7 மில்லி வினாடியும், 1,024 மாதிரி 42.7 மில்லி வினாடியும் பிந்தச் செய்யும். மின்னலையை எண்ணாக்கவும் எண்ணை மின்னலையாக்கவும் ஆகும் சிறுபொழுது இவற்றின் மேலும் சேரும். கடைசிக் கணக்கின்படி கித்தார் நம் மடியில் இருப்பினும் அதன் ஓசை 49 அடி தொலைவிலிருந்து வருவது போலாம். வேகமிக்க கணினி இங்கே உதவும். சிறு தாரையும் அது சலியாது சுற்றித்தரும்.

நிற்க. பிறிதொரு தாழ்வு உண்டு; அதற்குக் கணினியின் வேகம் மருந்தாகாது. சில பிளகின்கள் தம் இயல்பினாலேயே காத்திருக்க வேண்டியவை. ஓசை எல்லை கடவாமல் அடக்கும் லிமிட்டர் என்பது, வரப்போகும் உரத்த ஒலியை முன்னரே கண்டு தணித்தல் வேண்டி, எல்லா ஒலியையும் சில மில்லி வினாடி நிறுத்திவைத்தே விடுக்கிறது. 4,096 கெழுக்கள் கொண்ட நேர்கட்ட வடிகட்டி அவற்றிற் பாதியாகிய 2,048 மாதிரிகள் பிந்தும். அதுவும் முற்கூறிய 42.7 மில்லி வினாடியே. இன்ன சுரமென்று கண்டறியும் பிளகினின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கித்தாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். ஓர் அதிர்வு முடியவே 12 மில்லி வினாடி செல்லும். முடியாத அதிர்வை எந்தப் பொறிதான் அளக்கவல்லது?

பிளகின் ஒவ்வொன்றும் தன் தாழ்வைத் தலைமை மென்பொருளுக்கு அறிவிக்கிறது. அதுவும் மற்றைத் தடங்களை அவ்வளவிற்குப் பிந்தச் செய்து யாவற்றையும் ஒருங்கே ஒலிப்பிக்கிறது. பதிந்து முடித்த பாட்டுக்கு இவ்வீடு நன்மையே. ஆனால் இக்கணத்தில் வாசிப்பவர்க்கு இது பயனில்லை, சிலவேளை தீங்குமாம். ஏனெனில் தலைமைத் தடத்தில் ஒரு லிமிட்டரை இட்டுவைப்பின், கித்தார்த் தடத்தில் யாதும் இல்லாதிருந்தும் அதன் ஒலி பிந்தியே வரும். கணினியைக் குறைகூறுமுன் அத்தடத்தைப் பார்ப்பது நலம்.

எவ்வளவு தாழ்வைப் பொறுக்கலாம் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 10 மில்லி வினாடிக்குட்பட்டதைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்போர் குழல்கள் தொலைவில் நிற்பினும் பிந்திய ஒலிக்குப் பழகிவிடுகின்றனர். மாறாத தாழ்வுக்குக் கை பழகும். மாறிமாறி வருவதற்கே பழகாது. ஆயினும் நம் இசைக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பிரசன்னா முதலியோர் கித்தாரில் கருநாடக இசையை வாசித்துக் காட்டியுள்ளனர். அங்கே கமகத்திற்குத் தந்தியை இழுக்குங்கால், எவ்வளவு இழுப்பதென விரலுக்குச் சொல்வது செவி. செவிக்குச் செய்தி பிந்தின் சுரம் எல்லை கடந்த பின்னரே விரல் அறியும். தாளத்தில் நேரும் பிழையினும் இதனையே யான் பெரிதாகக் கருதுவேன்.

ஆதலின் வாசிக்குங்கால் பஃபரை 64 அல்லது 128 மாதிரியாக வைத்து, லிமிட்டரும் நேர்கட்ட வடிகட்டியும் பதிவு முடிந்தபின் சேர்ப்பதே முறை. அதுவும் இயலாதாயின் இணைப்புக் கருவியிலிருந்தே நேரடி ஒலியைக் கேட்கலாம். பிளகினின் மெருகு அதில் இராது, தாழ்வும் இராது. புளூடூத் செவிக்கருவி இவ்வேலைக்கு ஆகாது. அதன் தாழ்வு பெரும்பாலும் 100 மில்லி வினாடிக்கு மேற்படும். விடுதி மாணவர் பலர் இதனை ஐயுறுவதேயில்லை.

தம் கருவியின் தாழ்வை அளந்தறிய விரும்புவோர், கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் சமதூரத்தில் ஒரு கைப்பேசியை வைத்து, ஒரு தந்தியைச் சுண்டிப் பதிவு செய்க. அப்பதிவைத் திரையில் விரித்து நோக்கின், தந்தியின் சிற்றொலி முதலிலும் ஒலிபெருக்கியின் பேரொலி பின்னும் இரு முகடுகளாய்த் தோன்றும். வினாடிக்கு 48,000 மாதிரியாகப் பதிந்திருப்பின், அவற்றின் இடையே 480 மாதிரிகள் உளவேல் தாழ்வு 10 மில்லி வினாடி எனக் கொள்க.