உருளைக்குத் தண்ணீர் தேடித்தரும் பூஞ்சை

தண்ணீர் விஷயத்தில் உருளைக்கிழங்கு கொஞ்சம் சொகுசுப் பயிர். அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்ந்து நின்றுவிடும். கிழங்கு பிடிக்கும் சமயத்தில் மண் காய்ந்தால் விளைச்சல் சரியும்.

இங்கேதான் வேர்ப்பூஞ்சை கைகொடுக்கிறது. தமிழக விவசாயிகள் ‘வேம்’ என்று வாங்கும் உயிர் உரம் இந்த வகைதான். பூஞ்சை குடியேறிய வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் அது குட்டி மரம்போலக் கிளைவிட்டிருப்பது தெரியும். கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான். செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. பூஞ்சையோ, வேர்த்தூவிகூட நுழைய முடியாத மண் இடுக்குகளில் இழையோடி, நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவருகிறது.

2016-ல் வெளியான ஓர் ஆய்வு, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 231 வயல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பூஞ்சை இட்ட வயல்களில் எக்டேருக்குச் சராசரியாக 3.9 டன் கிழங்கு கூடுதல். ஆனால், அவை வறட்சியைச் சோதிக்கவென்றே நடத்தப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிய நிலத்தில் செடி பூஞ்சையைச் சீண்டாது. அங்கே பூஞ்சைப் பொட்டலம் வீண்செலவு. மற்ற இடங்களில், விதைக்கிழங்கு நடும்போதே இளவேர் தொடும்படி அதை இட்டுவிடுவது நல்லது.