'லீக்', 'ஸ்பில்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் 'கசிவு' என்னும் தமிழ்ச் சொல்லும்: எண்ணூர் நிகழ்வுகளை முன்வைத்து

முன்னுரை

ஆங்கிலத்தில் 'லீக்', 'ஸ்பில்' என்பன தனித்தனிப் பொருளுடைய சொற்கள். தமிழ்ச் செய்தி வழக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் 'கசிவு' என்ற ஒரே சொல்லால் பெயர்க்கப்படுகின்றன. இதனால் நேரும் பொருளிழப்பை, வடசென்னையின் எண்ணூர்ப் பகுதியில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருள் வேறுபாடு

கலத்திலோ குழாயிலோ உள்ள துளை, விரிசல் வழியே ஒரு பொருள் வெளியேறுவதை 'லீக்' குறிக்கும். இங்குக் கவனம் கொள்கலத்தின் பழுதின்மேல் நிற்கிறது. நீர்மம், வாயு ஆகிய இரண்டிற்கும் இச்சொல் பொருந்தும். மறைவாக இருக்கவேண்டிய செய்தி வெளிப்படுவதையும் இது சுட்டும். தமிழிலும் 'வினாத்தாள் கசிந்தது' என்கிறோம்.

அடங்கியிருந்த நீர்மம் வெளியே கொட்டிப் பரவுவதை 'ஸ்பில்' குறிக்கும். இங்குக் கவனம் பொருள் பரவிய இடத்தின்மேல் செல்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூல வினை அழித்தல், கொல்லுதல் என்னும் பொருள்களைத் தந்தது. குருதி சிந்துதல் என்னும் பொருளும் பின்னர் இதற்கு உண்டாயிற்று.

தமிழில் 'கசி' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. செய்தவரைச் சுட்டவேண்டுமாயின் 'கசியவிடு' என விரிக்கவேண்டும். 'சிந்து' இருவகையாகவும் வரும்: 'பால் சிந்தியது', 'பாலைச் சிந்தினான்'.

எண்ணூர் நிகழ்வுகள்

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. வெளியேறிய எரிஎண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தடித்துப் படிந்தது. அதனை வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்தம் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியேறியது.

மூன்றாம் நிகழ்வுக்குக் 'கசிவு' மிகப் பொருத்தமானது. முதலிரண்டையும் அவ்வாறே அழைக்கும்போது, துளித்துளியாக ஊறி வெளிவரும் தோற்றமே படிப்பவர் மனத்தில் எழுகிறது. கரையில் படிந்த எண்ணெயின் அளவு மறைகிறது. 1996 முதல் நடைமுறையிலுள்ள, இந்தியக் கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கும் தேசியப் பேரிடர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் 'ஸ்பில்' என்னும் சொல்லே உள்ளது.

ஒரே நிகழ்வில் 'லீக்' காரணமாகவும் 'ஸ்பில்' விளைவாகவும் அமையலாம். முன்னது 'எங்கே உடைந்தது' என்னும் வினாவையும், பின்னது 'எவ்வளவு தூரம் பரவியது, யார் அகற்றுவது' என்னும் வினாவையும் எழுப்புகின்றன. குழாயை அடைத்ததும் கசிவு முடிந்துவிடும். சிந்தியது அங்கேயே கிடக்கும்.

முடிவுரை

'லீக்' என்பதற்குக் 'கசிவு' எனவும், 'ஸ்பில்' என்பதற்குச் 'சிந்தல்' எனவும் வேறுபடுத்தி ஆள்வது தகும். 'சிந்தல்' சிற்றளவையே உணர்த்தும் எனச் சிலர் கருதலாம். ஆங்கிலத்திலும் மேசையில் கொட்டிய பாலுக்கும் கடலில் பரவிய எண்ணெய்க்கும் 'ஸ்பில்' என்னும் ஒரே சொல்லே வழங்குகிறது. அளவைச் சூழல் உணர்த்துகிறது. பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரும் இடங்களில் நிகழ்வுக்கு இடும் பெயரும் சான்றின் ஒரு பகுதியாகிறது. ஆதலின் இவ்வேறுபாட்டைச் செய்தித் தமிழும் ஆட்சித் தமிழும் பேணுதல் வேண்டும்.