பேஜ் ஃபைலைப் பெருக்கினால் வேகம் வராது

4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய லேப்டாப்கள் பலவற்றின் நிலை இதுதான். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே ஹேங் ஆகிறது; சில நேரம் மெமரி போதவில்லை என்ற எச்சரிக்கையும் வருகிறது. இதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் வைத்தியம் ஒன்று உண்டு: செட்டிங்ஸுக்குள் போய் விர்ச்சுவல் மெமரியின், அதாவது பேஜ் ஃபைலின், அளவைக் கூட்டு, ரேமைப் போல் ஒன்றரை மடங்கு வை. அப்படிச் செய்தால் எச்சரிக்கை நிற்கும். வேகம் வராது. இட நெருக்கடியும் வேகக் குறைவும் வெவ்வேறு கோளாறுகள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டிய கம்ப்யூட்டர்கள் பரணுக்குப் போகின்றன.

ரேம் நிரம்பினால், உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு அனுப்பிவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருகிறது விண்டோஸ். இந்த ஏற்பாடு 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில் நடைமுறைக்கு வந்தது. அட்லஸின் முதன்மை நினைவகத்துக்கு ஒரு சுற்று வேலை முடிக்க 2 மைக்ரோ விநாடி. பக்கங்களை ஒதுக்கி வைத்த காந்த உருளைக்குச் சராசரியாக 6 மில்லி விநாடி. வித்தியாசம் ஏறத்தாழ 3,000 மடங்கு. இன்றைய ரேம் சுமார் 100 நானோ விநாடியில் பதில் தருகிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் லேப்டாப் டிஸ்க்குக்கு 15 மில்லி விநாடி போலப் பிடிக்கிறது. அதாவது ஒன்றரை லட்சம் மடங்கு. ரேமுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் டிஸ்க்குக்கு ஒன்றே முக்கால் நாள். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் இந்த இடைவெளி சுருங்கவில்லை, விரிந்திருக்கிறது. பேஜ் ஃபைலை 6 ஜிபியிலிருந்து 12 ஜிபி ஆக்கினால் ஒதுக்கி வைக்கும் இடம்தான் பெருகும். போய்வரும் நேரம் துளியும் குறையாது.

இந்த ஏற்பாடு எங்கே முறிகிறது என்பதை 1968-இலேயே கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் விளக்கிவிட்டார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்தந்த நேரத்தில் கையில் இருந்தே ஆகவேண்டிய பக்கங்கள் சில உண்டு. அவற்றின் கூட்டுத்தொகை ரேமுக்குள் அடங்கும்வரை தொல்லையில்லை. அதைத் தாண்டியதும் வேகம் படிப்படியாக இறங்குவதில்லை, சட்டென்று சரிகிறது. ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர, அடுத்த நொடியே தேவைப்படப்போகும் இன்னொன்றை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. இதை நம் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஹேங் ஆகும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். ஆனால் நகரும் தரவோ மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு பக்கத்தின் அளவு 4 கேபி. சிதறிக் கிடக்கும் பக்கங்களை இந்த டிஸ்க் நொடிக்கு எழுபது முறைக்கு மேல் தேடி எடுக்க முடியாது. அத்தனை பாடுபட்டும் தேறுவது 300 கேபிகூட இல்லை. டிஸ்க்கே பழுதாகியிருந்தாலும் இதே 100 சதவீதம் வரலாம் என்பதால், ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரிப் பகுதியில் ஹார்ட் ஃபால்ட் (ரேமில் இல்லாத பக்கத்தை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேர்வது) எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அது தொடர்ந்து உயர்ந்தே நின்றால், பெரும்பாலும் குறை ரேமில்தான்.

அப்படியானால் பேஜ் ஃபைலையே எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது இன்னும் மோசம். எல்லாப் புரோகிராமுக்கும் சேர்த்து விண்டோஸ் வாக்குக் கொடுக்கக்கூடிய மெமரி, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகைதான். பேஜ் ஃபைல் போனால் அந்த வரம்பு சுருங்கி, சேமிக்காத கோப்போடு புரோகிராம் மூடிக்கொள்ளலாம். அலைச்சலும் ஒழியாது, புரோகிராமின் சொந்தக் குறியீட்டுப் பக்கங்களை விண்டோஸ் அப்போதும் கைவிட்டு, மூலக் கோப்பிலிருந்து மறுபடி மறுபடி படித்துக்கொண்டுதான் இருக்கும். ஒன்றரை மடங்கு விதியும் தலைகீழானது. நெருக்கடி அதிகமுள்ள 2 ஜிபி கம்ப்யூட்டருக்கு 3 ஜிபியும், நெருக்கடியே இல்லாத 16 ஜிபிக்கு 24 ஜிபியும் தருகிற கணக்கு யாருக்கு உதவும்? அளவை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டு, சி டிரைவில் போதிய இடம் காலியாக வைத்திருந்தால் போதும். முன்பு யாராவது அளவைக் குறைத்துப் பூட்டியிருந்தால் மட்டும் அதை விடுவிக்க வேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியது, ஆன் ஆனதும் தானாக எழும் புரோகிராம்களை நிறுத்துவது. காசு செலவழிப்பதானால் முதல் காசு ரேமுக்குப் போகட்டும். வாங்குமுன் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, டிடிஆர்3-ஆ அதன் குறைந்த மின்னழுத்த வகையா, விண்டோஸ் 64 பிட்டா என்று பார்த்துவிட வேண்டும். சாதாரண 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் போட்டாலும் பயன்படுத்தாது. அடுத்தது எஸ்.எஸ்.டி. அதிலும் பேஜ் ஃபைல் ரேமுக்கு ஈடாகாது, ஆனால் முன்சொன்ன ஒன்றே முக்கால் நாள் கால் மணி நேரத்துக்கு வந்துவிடும். ஓயாமல் எழுதி எழுதி எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடாதா என்ற அச்சத்தில் நியாயம் உண்டு; ரேமைக் கூட்டினால் அந்த எழுத்தே குறைந்துவிடும் என்பதுதான் பதில். ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிட்ட மாடல்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ரேமைக் கூட்ட முடியாத அத்தகைய லேப்டாப்பில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவி, ஒதுக்க வேண்டிய பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியை இயக்கிவிட்டால், பாடம் படிக்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் அந்த 4 ஜிபியே தாராளம்.