ஹெல்ப் பக்கத்தில் லிங்க் எங்கே இருக்க வேண்டும்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பவர்ஷெல் என்ற கட்டளை விண்டோ இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2006ல் வெளியான இது, விண்டோஸ் 7 முதல் சிஸ்டத்துடனேயே கிடைக்கிறது. சாப்ட்வேர் இன்ஜினியரான நான் தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன். எந்தக் கட்டளையையும் அதன் ஹெல்ப் பக்கத்தைப் படித்துவிட்டே பயன்படுத்துங்கள் என்பேன். ஆனால் அந்த ஒரு பக்கம் மட்டும் போதாது.

உதாரணமாக, உங்கள் போல்டரில் போட்டோ1 என்ற படமும், இன்டர்நெட்டில் இருந்து இறக்கிய போட்டோ[1] என்ற படமும் இருக்கின்றன. இரண்டாவதை அழிக்க ரிமூவ்-ஐட்டம் கட்டளையுடன் அதன் பெயரைக் கொடுக்கிறீர்கள். அழிவது முதல் படம்! ரீசைக்கிள் பின்னிலும் தேட முடியாது. இந்தக் கட்டளை பைலை அங்கு அனுப்புவதில்லை.

ஏன் இப்படி? பவர்ஷெல்லுக்குச் சதுர அடைப்புக்குறி ஒரு வைல்ட்கார்ட். [1] என்றால் "இந்த இடத்தில் 1 என்ற எழுத்து" என்று பொருள். ரிமூவ்-ஐட்டம் ஹெல்ப் பக்கத்தில் "வைல்ட்கார்ட் அனுமதிக்கப்படும்" என்ற ஒரு வரி உண்டு. எவையெல்லாம் வைல்ட்கார்ட் என்ற விளக்கமோ அபவுட்_வைல்ட்கார்ட்ஸ் என்ற தனிப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் வரும் "ரிலேட்டட் லிங்க்ஸ்" பகுதியில் பெரும்பாலும் காப்பி-ஐட்டம், மூவ்-ஐட்டம் போன்ற அண்ணன் தம்பி கட்டளைகள்தான். அந்த ஒரு வரிக்குப் பக்கத்திலேயே லிங்க் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தேகம் வருவது அங்கேதான். அடியில் உள்ள பட்டியல் வரை எத்தனை பேர் போகிறார்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது: 2012ல் வந்த 3.0 பதிப்பு முதல் முழு ஹெல்ப் பைல்கள் சிஸ்டத்துடன் வருவதில்லை. எனவே இன்டர்நெட் இணைப்புடன், பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அப்டேட்-ஹெல்ப் கட்டளையை ஒருமுறை இயக்குங்கள். பிறகு கெட்-ஹெல்ப் ரிமூவ்-ஐட்டம் என டைப் செய்து, இறுதியில் -ஃபுல் சேர்த்து என்டர் தட்டுங்கள். -ஆன்லைன் எனக் கொடுத்தால் பக்கம் பிரவுசரில் திறக்கும். அங்கு லிங்க்குகளைக் கிளிக் செய்யலாம். (கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும்!)

அடைப்புக்குறி உள்ள பெயர் என்றால் -லிட்ரல்பாத் என்பதை அடுத்து ஒற்றை மேற்கோள் குறிக்குள் பெயரைக் கொடுங்கள். அழிக்கும் முன் -வாட்இஃப் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பைல் அழியும் என்று மட்டும் காட்டும், அழிக்காது.

இந்தப் பக்கங்களின் மூலம் கிட்ஹப் தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஒரு லிங்க் இல்லை என்று தெரிந்தால் நீங்களே திருத்தத்தை அனுப்பலாம். புரோகிராமிங் தெரிந்திருக்கத் தேவையில்லை.