அங்கன்வாடிப் பணியாளர் உங்கள் வீட்டிற்கு ஏன் வருகிறார்?

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் செல்லும் வழியில் அமைந்துள்ள கடலோர ஊர் ஆலந்தலை. இத்தகைய மீனவக் குடியிருப்புகளில் தந்தை விடியுமுன் கடலுக்குச் செல்வதும், தாய் மீன் விற்பனைக்குச் செல்வதும், கைக்குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருப்பதும் வழக்கமான ஒன்று. இந்நிலையில் அங்கன்வாடிப் பணியாளர் வீடு தேடி வந்து, "இந்த மாதம் குழந்தையின் எடை கூடவில்லை" என்று கூறும்போது, சில குடும்பங்கள் அதனைக் குறை கூறுவதாக எண்ணி வருந்துகின்றன. அவர் ஏன் வருகிறார், என்ன கேட்கிறார், அவரது வருகையால் உங்கள் குழந்தைக்கு விளையும் நன்மை யாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இவர் யார்?

ஊர் மக்கள் இன்றும் 'பால்வாடி' என்று அழைக்கும் குழந்தைகள் மையமே அங்கன்வாடி மையம் ஆகும். அங்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் பணிபுரிகின்றனர். உதவியாளர் உணவு சமைத்தல், மையத்தைத் தூய்மையாகப் பராமரித்தல் ஆகியவற்றைக் கவனிக்கிறார். பணியாளர் எடை பார்த்தல், முன்பருவக் கல்வி அளித்தல், பதிவேடுகளைப் பராமரித்தல், வீடுகளுக்குச் செல்லுதல் ஆகிய பணிகளைச் செய்கிறார். தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல் ஆகியவற்றைச் சுகாதாரத் துறையின் கிராம சுகாதார செவிலியருடன் இணைந்து மேற்கொள்கிறார். பணியாளர் மருத்துவர் அல்லர். மருந்து எழுதித் தருவது அவரது பணி அன்று. குழந்தையைத் தொடர்ந்து கவனித்து, மாற்றத்தை முதலில் கண்டறிந்து, உரியவரிடம் கொண்டு சேர்ப்பதே அவரது பணி.

இப்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியாவில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டது. எடை உரிய அளவில் கூடாத குழந்தைகள் கண்டறியப்பட்டு, அவர்களுக்குக் கூடுதல் உணவு அளிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் வாயிலாகக் குழந்தைகள் மையங்களில் சமைத்த உணவும் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்கி வருகின்றன.

மாதந்தோறும் எடை பார்ப்பது ஏன்?

ஊட்டச்சத்துக் குறைபாடு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தை சிரிக்கும், விளையாடும், கன்னமும் உப்பியிருக்கும். ஆயினும் எடை கூடாமல் நின்றிருக்கும். குழந்தை மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்போது, பல வாரங்கள் கடந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பெண் குழந்தை 9ஆம் மாதத்தில் 7.6 கிலோ எடை உள்ளது. வளர்ச்சி அட்டையில் இது பச்சை நிறப் பகுதி, கவலைக்குரியது அன்று. 10ஆம் மாதத்திலும் எடை 7.6 கிலோ. 11ஆம் மாதத்தில் 7.5 கிலோ. இப்போதும் குழந்தை பச்சைப் பகுதியிலேயே உள்ளது. ஒரு நாள் மட்டும் எடை பார்ப்பவர் "குழந்தை நலம்" என்றே கூறுவார். ஆனால் மூன்று புள்ளிகளையும் இணைத்துப் பார்க்கும் பணியாளருக்கு, மேல்நோக்கிச் செல்ல வேண்டிய கோடு படுத்துவிட்டது என்பது தெரியும். அவர் உங்கள் வீட்டிற்கு வருவது அப்போதுதான்.

எனவே, நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். கோடு செல்லும் திசையைப் பாருங்கள். கோடு மேலே சென்றால் வளர்ச்சி சீராக உள்ளது. படுத்திருந்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டும். கீழே இறங்கினால் தாமதமின்றிச் செவிலியரையோ மருத்துவரையோ காண வேண்டும். பொதுவாக, குழந்தையின் பிறப்பு எடை 5 மாதத்தில் இரு மடங்காகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆகும்.

கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1,000 நாள்களில் மூளையும் உடலும் மிக விரைவாக வளர்கின்றன. இக்காலத்தில் தடைப்பட்ட உயர வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது கடினம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதிற்கேற்ற உயரம் இன்றி உள்ளனர்.

வீட்டிற்கு வந்து என்ன கேட்பார்?

பணியாளர் பொதுவாகக் கேட்பவை:

• குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை முறை உணவு அளிக்கப்படுகிறது? யார் ஊட்டுகிறார்?
• உணவு கெட்டியாக உள்ளதா, நீர்த்த கஞ்சியாக உள்ளதா?
• தாய்ப்பால் தொடர்கிறதா? புட்டியில் பால் தரப்படுகிறதா?
• கடந்த மாதத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல் இருந்ததா?
• குடிநீர் எங்கிருந்து பெறப்படுகிறது? காய்ச்சிய நீர் தரப்படுகிறதா?

இவை உங்களைக் குற்றம் சாட்டும் வினாக்கள் அல்ல. எடை நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் இவ்விடைகளுள் ஒன்றில் இருக்கும். தாய் மீன் விற்கச் சென்று நண்பகலில் திரும்பும் வீட்டில், காலை உணவிற்கும் மதிய உணவிற்கும் இடையே குழந்தை நீண்ட நேரம் வெறும் நீர்த்த கஞ்சியுடன் இருக்கலாம். காற்றும் கடல் சீற்றமும் காரணமாகப் படகுகள் கடலுக்குச் செல்லாத நாள்களில் வருமானம் குறைந்து, வீட்டு உணவின் அளவும் குறையலாம். இவற்றை மறைக்காமல் கூறுங்கள். உண்மை நிலை தெரிந்தால்தான், உங்கள் வீட்டில் நடைமுறைக்கு இயலும் தீர்வைப் பணியாளர் கூற முடியும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியாக இருப்பின், அவரும் இவ்வுரையாடலில் இருப்பது அவசியம்.

எடை மட்டுமன்றி, 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளின் மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவும் நாடாவால் அளக்கப்படலாம். அது 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருப்பின் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு எனக் கொள்ளப்பட்டு, குழந்தை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் கீழ் இத்தகைய குழந்தைகளுக்குச் சிறப்பு ஊட்டச்சத்து உணவு வழங்கப்படுகிறது.

கடலோர வீட்டில் இணை உணவு

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீரும் தேவையில்லை. 6 மாதம் நிறைவடைந்தவுடன் இணை உணவு தொடங்கி, 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும்.

• 6 முதல் 8 மாதம்: நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை. இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கி, 250 மி.லி. கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வரை.
• 9 முதல் 11 மாதம்: 3 அல்லது 4 முறை, ஒவ்வொரு முறையும் அரைக் கிண்ணம்.
• 12 முதல் 23 மாதம்: 3 அல்லது 4 முறை, முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. தேவைக்கேற்ப இடையில் பழம் போன்ற சிற்றுணவு.

உணவு கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவிற்குக் கெட்டியாக இருத்தல் வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், ஆனால் போதிய சத்தைத் தராது. அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவைக் கெட்டியான கூழாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து தரலாம். அம்மாவு குழந்தைக்குரிய பங்கு; வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொண்டால் குழந்தைக்குப் போதாமல் போகும்.

கடலோரக் குடும்பங்களுக்கு எளிதில் கிடைக்கும் சிறந்த புரத உணவு மீன். 6 மாதத்திற்குப் பின், சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களை நன்கு வேகவைத்து, முள்ளை முற்றிலும் நீக்கி, சோற்றுடனும் பருப்புடனும் மசித்து ஊட்டலாம். விலை போகும் மீனை விற்றாலும், குழந்தைக்கென ஒரு கைப்பிடி சிறு மீனை எடுத்து வையுங்கள். கருவாட்டில் உப்பு மிகுதி. அதனை ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தர வேண்டாம்.

தாய்ப்பால் பெருகும் என்று கருதிப் பால் சுறா உண்ணும் வழக்கம் கடலோர ஊர்களில் உண்டு. சுறா போன்ற பெரிய மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்க வாய்ப்புள்ளதால், கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. குழந்தை அடிக்கடி பால் குடிப்பதே பால் சுரப்பைப் பெருக்கும் முதன்மையான வழியாகும்.

மையத்தில் உங்கள் குழந்தை

2 வயது நிறைவடைந்த குழந்தைகளுக்கு மையத்தில் சூடான மதிய உணவும் வாரம் 3 முட்டைகளும் வழங்கப்படுகின்றன. பாட்டு, கதை, விளையாட்டு வாயிலாக முன்பருவக் கல்வி அளிக்கப்படுகிறது. பல குழந்தைகளை ஒருசேரக் காண்பவர் என்பதால், ஒரு குழந்தையின் பேச்சோ கேட்கும் திறனோ பின்தங்கியிருப்பின் பணியாளர் விரைவில் உணர்வார். கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருப்பின் அவரிடம் தெரிவியுங்கள்:

• 9 மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராமை
• ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை
• 18 மாதமாகியும் நடக்காமை
• 2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை

தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடி மையங்களுக்கு வந்து, பிறவிக் குறைபாடுகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றிற்காகக் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அந்நாளில் குழந்தையைத் தவறாமல் அழைத்து வாருங்கள்.

செவிலியரிடமிருந்து பெற வேண்டியவை

தடுப்பூசிகளை அட்டவணைப்படி உரிய நாளில் போட்டுக்கொள்ளுங்கள். வைட்டமின் 'ஏ' திரவம் 9ஆம் மாதத்தில் தொடங்கி 5 வயது வரை 6 மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. 6 மாதம் முதல் 5 வயது வரை இரும்புச்சத்துத் திரவம் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 1 மி.லி. தரப்பட வேண்டும். ஒரு வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படுகிறது.

வயிற்றுப்போக்கின்போது உணவையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பின்னரும் 14 நாள்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• பால் குடிக்கவோ உண்ணவோ இயலாமை
• உண்பது அனைத்தையும் வாந்தியெடுத்தல்
• வலிப்பு, அல்லது எழுப்பினாலும் விழிக்காத சோர்வு
• வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்குதல்
• கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம்
• இரு பாதங்களிலும் வீக்கம்

இவற்றுள் எது தோன்றினாலும் பணியாளரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மாதந்தோறும் எடை பார்க்கும் நாளைக் கேட்டறிந்து குழந்தையை அழைத்து வாருங்கள். நீங்கள் தொழிலுக்குச் செல்ல நேர்ந்தால், பாட்டியிடமோ உறவினரிடமோ தாய் சேய் நல அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள். தொழில் நிமித்தம் குடும்பத்துடன் வேறு ஊருக்குச் சென்று தங்கினால், அட்டையை உடன் எடுத்துச் சென்று அவ்வூர் அங்கன்வாடியில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். இடையில் மூன்று மாதங்கள் விடுபட்டால், கோடு எந்த மாதத்தில் படுத்தது என்பதை எவராலும் கூற இயலாது.

"எடை கூடவில்லை" என்று பணியாளர் கூறும் நாளில் குழந்தை நோயுற்றிருக்க வேண்டும் என்பதில்லை. நோயுறும் முன்னரே தடுக்க இயலும் நிலையில் அவர் வந்துள்ளார் என்பதே அதன் பொருள். அவரை அமரச் செய்து, அவர் கேட்பவற்றிற்கு உள்ளதை உள்ளவாறு கூறுங்கள். அடுத்த மாதம் அட்டையில் வைக்கப்படும் புள்ளி, அன்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்தது பயன் தந்ததா என்பதைக் காட்டும்.