பட்டாளத்துச் சோறும் ஊர்க் கோழியும்

சமையலறைக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உப்பு ஜாடி இடம் மாறும். காப்பிப் பொடி கொஞ்சம் சீக்கிரமே தீரும். மிச்சச் சோறு யாருக்குப் போகிறது என்ற விசாரணையும் நடக்கும். அப்படிப் புதிதாக வந்த ஒரு சமையற்காரர் சோறு தர மறுத்ததால் ஒரு கொடிய நோயின் ரகசியம் வெளிப்பட்டது என்றால் நம்புவீர்களா?

நடந்த இடம் ஜாவாத் தீவிலுள்ள பட்டேவியா. இன்று அதற்கு ஜகார்த்தா என்று பெயர். வருஷம் 1889. டச்சுக்காரர் ஆட்சிக் காலம். சிப்பாய்களையும் கைதிகளையும் பெரிபெரி என்ற வியாதி வாட்டிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கி, இருதயமே நின்றுவிடும். இது கிருமியின் வேலை என்று டாக்டர்கள் நம்பினார்கள். அந்தக் கிருமியைத் தேடி, ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்த சோதனைச்சாலையில் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு டாக்டர்.

ஒரு நாள் பார்த்தால், கோழிகளின் கால்கள் தள்ளாடுகின்றன! கிருமியைச் செலுத்திய கோழிக்கும் வந்தது. செலுத்தாத கோழிக்கும் வந்தது. டாக்டர் திகைத்துக்கொண்டிருக்கும்போதே, சில மாதங்களில் நோய் தானாகவே மறைந்தும் விட்டது.

பிறகுதான் கோழிகளின் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். கோழிகளைக் கவனித்துவந்த ஆள், செலவை மிச்சப்படுத்த எண்ணி, ஜூன் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறான். நவம்பரில் சமையற்காரர் மாறினார். பட்டாளத்துச் சோற்றை ஊர்க் கோழிகளுக்குத் தர முடியாது என்று புதியவர் சொல்லிவிட்டார்! வேறு வழியின்றிப் பழையபடி தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழிகள் பிழைத்தன.

எய்க்மனுக்கே முழு உண்மையும் உடனே விளங்கிவிடவில்லை. வெள்ளைச் சோற்றில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார். ஆனால் ஜாவாவின் சிறைச்சாலைகளில் எடுத்த கணக்கு அவருடைய கோழிகளுக்குச் சாட்சி சொன்னது. தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி; தீட்டாத அரிசி போட்ட சிறைகளிலோ ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர்தான். விஷம் ஒன்றுமில்லை, உணவில் அவசியமான ஒன்று குறைவதே காரணம் என்று 1901-ல் சொன்னவர் கெரிட் கிரைன்ஸ். அந்த ஒன்றைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்தது இன்னும் மனத்தை வருத்துவது. அங்கே தாய்மார்கள் உண்டது வெள்ளை வெளேரென்ற மில் அரிசி. தாய் சௌக்கியமாய் இருப்பதுபோலவே தோன்றும். அவளிடம் பால் குடித்த கைக்குழந்தையோ மூச்சுத் திணறி இறந்துபோகும். தவிட்டிலிருந்து எடுத்த சாற்றைச் சில சொட்டுகள் புகட்டியதும் அத்தகைய குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. எந்தத் தாய்தான் தன் தட்டிலிருந்த நல்ல சோற்றைச் சந்தேகித்திருப்பாள்?

நம் பாட்டிமார் இதையெல்லாம் படித்தவர்கள் அல்ல. ஆயினும் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பிறகு குத்தினார்கள். அவிக்கும்போது, தவிட்டோடு போகவேண்டிய பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வட சர்க்கார் ஜில்லாக்களில் மில் பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி இருந்த காலத்திலும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அபூர்வமாகவே இருந்தது. ஆனால் சாதம் மல்லிகைப் பூவாக இருக்கவேண்டும் என்று நாலைந்து தண்ணீர் விட்டு அலம்பி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிறோமே, அதில் போவதும் இதே சத்துத்தான். கழுநீர் குடிக்கும் பசுவுக்கு அடிக்கிறது யோகம்!

1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடல்நலம் குன்றியிருந்ததால் பரிசு பெற அவரால் ஸ்டாக்ஹோமுக்குப் போக முடியவில்லை. நோபல் சொற்பொழிவாக அவர் எழுதியதில் கோழிகள் வருகின்றன; சோறு தர மறுத்த சமையற்காரரும் வருகிறார். அவருடைய பெயர் மட்டும் இல்லை.